கூழும் வெண்சோறும்

உடலுக்கு இலேசான உணவு நாவுக்குச் சுவைக்காது என்றும், நாவுக்குச் சுவையானது உடலுக்கு நன்மை தராது என்றும் பலர் எண்ணுகின்றனர். நெய்யையும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்துவிட்டால் சாப்பாடு பத்தியமாகிவிடுமே என்பது அவர்களுடைய அச்சம். இவ்வெண்ணம் சரியானதா என்பதை வரலாற்றைத் துணைகொண்டு ஆராய்ந்து பார்க்கலாம். அதற்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், உத்தமபாளையத்திற்கு அருகே, மலையடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. வேட்டை நாய்களால் பெயர்பெற்ற ஊர் என்று பலரும் அதனை அறிவர். தென்மேற்குப் பருவக் காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. கிழக்கே உள்ள அடிவாரத்திற்கு எஞ்சுவது சிறிதளவே. ஆகையால் இத்தகைய ஊர்களின் மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் சாமையும் போன்ற தானியங்களே விளைந்தன. அவையே மக்களின் அன்றாட உணவாகவும் இருந்தன.

கம்பங்கூழ் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கம்பில் சிறிது நீர் தெளித்து உரலில் இடிப்பார்கள். முறத்தால் புடைத்து உமியை நீக்குவார்கள். மீண்டும் இடித்து நொய்யாக்கிக் களியாகக் காய்ச்சுவார்கள். ஆறிய களியை உருண்டைகளாக்கி, மண்பானையில் நீருற்றி இரவு முழுவதும் ஊற வைப்பார்கள். மறுநாள் காலையில் அதனை மோரில் கரைத்து, உப்பிட்டு, சின்ன வெங்காயத்தையோ மோர்மிளகாயையோ கடித்துக்கொண்டு குடிப்பார்கள்.

இதில் நெய் இல்லை, சர்க்கரை இல்லை. ஆயினும் சுவைக்குக் குறைவில்லை. அச்சுவை எங்கிருந்து வந்தது? இரவில் பானைக்குள் நுண்ணுயிர்கள் தானியத்தின் மாச்சத்தில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றின. அப்புளிப்போடு உப்பும், வெங்காயத்தின் காரமும், மண்பானையின் குளிர்ச்சியும் சேர்ந்தன. நாவுக்கு இன்பம் தந்த அதே புளிப்பு உடலுக்கும் உதவி செய்தது. தானியத்திலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கும் பொருள்கள் புளிக்கும்போது குறைகின்றன என்பது இன்று ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை.

நீர்மோரின் கதையும் இதுவே. கொழுப்பான வெண்ணெயைக் கடைந்தெடுத்த பின் எஞ்சும் மோரில், மேலும் நீரை விளாவுகிறோம். முறைப்படி பார்த்தால் அது சுவையற்ற நீராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சிறிது இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு ஆகியவை சேர்ந்தவுடன் கோடை வெயிலுக்கு அதைவிட இனிய பானம் வேறில்லை என்று ஆகிவிடுகிறது. பானகத்திலும் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் துணை நிற்பதால் வெல்லத்தைச் சிறிதளவே இட்டாலும் போதுமானதாகிறது. வெல்லமும் சர்க்கரை வகையே ஆதலின், அதன் அளவு குறைவது நன்மையே.

இவ்வாறிருந்த பள்ளத்தாக்கில் 1895-ஆம் ஆண்டு ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திற்குப் பின், மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. பொறியியலாளர் ஜான் பென்னி குவிக் தலைமையில் 1887-இல் அணை வேலை தொடங்கியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக நீர் இப்பக்கம் இறங்கியது. 1895 அக்டோபரில் மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். ஆற்றை ஒட்டிய கூடலூர், கம்பம், சின்னமனூர் வயல்களில் நெல் செழித்தது.

அதனால் விளைந்த நன்மையை எவரும் குறைத்துப் பேசுதல் கூடாது. பஞ்சத்தின் அச்சம் நீங்கியது. உழவர் வாழ்வு உயர்ந்தது. புன்செய் நிலத்து மக்களுக்கு நெற்சோறு விருந்து நாளின் உணவாக இருந்து வந்தது. அதனை நாள்தோறும் உண்ண வேண்டும் என்று அவர்கள் விரும்பியது இயல்பே. மேலும், கம்பு இடிப்பது எளிய வேலையன்று. விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த பெண்களின் தோள்வலியை மறந்துவிட்டுப் பழைய உணவைப் புகழ்வது நியாயமாகாது.

ஆகவே குற்றம் நெல்லினுடையதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பரவிய அரிசி ஆலைகள் உமியோடு நில்லாமல் தவிட்டையும் முளையையும் சேர்த்து நீக்கின. அரிசி மல்லிகை போல் வெளுத்தது. வெண்மையே உயர்வு என்று மக்களும் நம்பினர்.

அந்த வெண்மையின் விலை என்ன என்பது தொலைவில் ஜாவாத் தீவில் தெரிய வந்தது. அங்கே மக்களின் கால்களை மரத்துப்போகச் செய்து, இதயத்தைத் தாக்கிக் கொன்ற பெரிபெரி என்னும் நோயை டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் ஆராய்ந்து வந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கு மருத்துவமனையின் தீட்டிய அரிசிச் சோறு சில மாதங்கள் கிடைத்தது. கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. தீட்டாத அரிசி கொடுத்தவுடன் தேறின. தவிட்டில் உயிர் காக்கும் பொருள் ஒன்று உண்டு என்னும் உண்மைக்கு இது வழிகாட்டியது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. தயமின் என்னும் அப்பொருளின் அமைப்பைக் கண்டு, 1936-இல் அதைச் செயற்கையாக ஆக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நம் மாகாணத்திலும் ஆராய்ச்சி நடந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் வெள்ளெலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் பல வட்டார மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்திற்கும் கொடுத்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் கலந்த சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை எல்லாவற்றிலும் மெலிந்திருந்தன. அவ்வாய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

மற்றோர் உண்மையும் அக்காலத்தில் வெளிப்பட்டது. ஆந்திரக் கடற்கரையில் பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி தோன்றிற்று. புழுங்கலரிசி உண்டோரிடம் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. ஆய்வுக்கூடம் அறியாத நம் பாட்டிமார் நெல் அவித்தது வீண் வேலையன்று என்பது இதனால் விளங்கும்.

தீட்டாத அரிசிக்காகக் காந்தியடிகள் எழுதினார். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் வழியாக ஜே. சி. குமரப்பா அதற்கென உழைத்தார். தம் இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியிலேயே வாழ்ந்தார். ஆயினும் ஆலையின் வேகமும் வெண்மையின் கவர்ச்சியுமே வென்றன.

இன்று பெரிபெரியின் அச்சம் இல்லை. அதன் இடத்தில் நீரிழிவு வந்து நிற்கின்றது. தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்பதற்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு எனச் சென்னையில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், கைவிட்ட தானியங்கள் மீண்டும் கடைகளுக்கு வந்துள்ளன. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ அது 10 மில்லிகிராம் அளவே.

ஆனால் பழைய பிழை புதிய வடிவில் வருவதையும் காண்கிறோம். சாமையும் வரகும் அரிசியைப் போலவே வெளுக்கத் தீட்டி விற்கப்படுகின்றன. கேழ்வரகு மாவில் சர்க்கரையையும் கொழுப்பையும் கொட்டி ஆரோக்கிய பிஸ்கோத்து என்று பெயரிடுகின்றனர். தானியத்தின் பெயர் மட்டும் திரும்பி வந்து, அதன் தவிடு திரும்பாவிடில் பயன் என்ன?

ஆலை இடிக்கும் வேலையை ஏற்றுக்கொள்ளட்டும். அது பெண்களுக்கு விடுதலை. அவ்வாலை எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் நாம் சொல்ல வேண்டும்: உமி போகட்டும், தவிடு இருக்கட்டும். சுவையைப் பொறுத்தவரை கவலைக்கு இடமில்லை. புளிக்க வைத்தல், வறுத்தல், இஞ்சியும் ஏலமும் கொண்டு மணமூட்டல் ஆகிய கலைகள் நம் அடுக்களைகளில் முன்பே உள்ளன. வெண்மையை வைத்து உணவை மதிப்பிடும் வழக்கத்தை விட்டொழித்தால், உடல்நலத்திற்கும் நாச்சுவைக்கும் இடையே பகை இல்லை என்பதை நம் உணவுக் கலமே நமக்குக் காட்டும்.