மறுமொழியின் முறை

கற்றோர் கூடி வாதிக்கும் அவையில் புதிதாய் நுழைந்தவன் எவ்வாறு மறுமொழி கூறுவது? வங்காலையில் நம்மிடம் பயிலும் மாணவர்கள் இவ்வாறு வினவும்போது நாம் நன்னூலையே முதலில் காட்டுவது வழக்கம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கணம், நூல் செய்வோன் கைக்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என வகுக்கின்றது. உடன்படுதலும் மறுத்தலும் அவற்றுள் அடங்கும். எனினும், பிறர் கொள்கையை முதலில் ஏற்று எடுத்துரைத்து, அதன் பின்னரே அதனைக் களைதல் என்னும் மதமே நம் கருத்தைப் பெரிதும் கவர்வது. மாற்றான் கூறியதை அவனே ஒப்புமாறு எடுத்துக்கூற இயலாதவனுக்கு அவனை மறுக்கும் தகுதி இல்லை என்பது இதன் உட்கிடை. கூறியது கூறலையும் மற்றொன்று விரித்தலையும் நூற்குற்றங்களுள் அவர் சேர்த்தார். இவ்விரண்டையும் விலக்கினால் நம் மேடைப் பேச்சாளருட் பலர் ஊமையராவர்!

முதியோர் அவையில் முந்திப் பேசாத அடக்கத்தைத் திருக்குறளின் அவையறிதல் அதிகாரம் போற்றுகின்றது. புதியவன் முதலில் கேட்டறிய வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அவையில் அமர்வோர் யார், வாயிலில் நிற்போர் யார் என்பதைச் சாதி தீர்மானித்த ஒரு சமுதாயத்தில், சிறிது பொறுத்திருத்தல் என்ற பண்பு வாழ்நாள் மௌனமாக மாறிவிடவில்லையா?

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மூண்ட மரபுப் போராட்டத்தை இக்கண் கொண்டு நோக்குதல் தகும். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்த இளைஞர் பலர், உழைப்பாளி மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் புகுத்தினர். டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து எழுந்து வந்தவர்கள். பல்கலைக்கழகம் கண்டவர்கள் அல்லர். இவர்களின் மொழியை இழிசனர் வழக்கு எனப் பண்டிதர் சிலர் பழித்தனர். வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் தொல்காப்பிய மரபியல் விதி அவர்தம் கைவாள்.

பண்டிதர் தரப்பையும் நேர்மையாக எடுத்துரைப்போம். ஒவ்வோர் ஊரும் தன் பேச்சிலேயே எழுதப் புகுந்தால் மன்னார்க் கரையோரத்தான் எழுதியதை மட்டக்களப்பான் படிக்க முடியாது போகும் என்ற அச்சம் பொருளற்றதன்று. அதனை அவர்கள் அவ்வளவில் நிறுத்தியிருந்தால் வாதம் வாதமாகவே இருந்திருக்கும். ‘இழிசனர்’ என்ற சொல்லோ எழுத்தை விட்டு எழுதியவனின் பிறப்பைச் சுட்டியது. தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே அடிப்படையாகக் கொண்டதையும் அது மறந்தது. உயர்வை அளப்பது பிறப்பாலா, அறிவாலா, உழைப்பாலா?

கைலாசபதியும் சிவத்தம்பியும் இங்கே சரியான வழியைக் கண்டனர். பண்டிதர் தமக்கே உரியதென்று எண்ணியிருந்த பழந்தமிழ் இலக்கியத்தினுள் இவர்கள் புகுந்தனர். அதனைச் சமுதாய வரலாறாகப் படித்துக் காட்டினர். இருவரும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய கைலாசபதியின் நூல் 1968இல் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று. மாற்றான் நிற்கும் நிலத்திலேயே நின்று விடை கூறுதல் என்பது இதுவே.

1963இல் யாழ்ப்பாணத்துச் சாகித்திய விழாவிலோ கூழ்முட்டைகள் பறந்தன. எறிந்தோரின் சினத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும் முட்டைக்கு மேற்கோள் காட்ட இயலாது. பண்டிதரின் ஒரு வாதத்தையேனும் அது களையவில்லை.

சிகை திருத்தும் நிலையத்தில் உழைத்துக்கொண்டே எழுதிய ஜீவா, 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கி 2012 வரை நடத்தினார். டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. அவையில் இடம் மறுக்கப்பட்டவர்களின் மொழி அதற்குள் அச்சேறி, வகுப்பறைக்கும் வந்து சேர்ந்திருந்தது.