வாப்பாவின் மொரிஸ் மைனரும் ஒரு தக்கை வொஷரும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

வாப்பா மௌத்தாகி மூன்று வருடமாகிறது. அவர் விட்டுப்போனவற்றில் யாரும் பங்கு கேட்காத ஒரேயொரு சொத்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நிற்கும் மொரிஸ் மைனர். 948 சிசி என்ஜின். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய் வாப்பாவே அதை நிறுத்திவைத்தார். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. பிறகு கியூ.ஆர். அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானது. அந்த நேரம் அவருக்கு நெஞ்சு வருத்தமும் தொடங்கியிருந்தது. கார் நின்றது நின்றதுதான்.

இந்த முறை நோன்பு விடுமுறையில் அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் பெற்றோல் மணம். குனிந்து பார்த்தால் காபரேட்டரின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. மைனரில் காபரேட்டர் இருப்பது புகை போகும் எக்ஸோஸ்ட் குழாய்க்கு நேர் மேலே. சூடான இரும்பின் மேல் பெற்றோல் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உடனே நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊரில் மைனர் வேலை தெரிந்தவர் இப்போது ஒரேயொரு பாஸ்தான். எழுபதைத் தாண்டியவர், கண்ணும் மங்கிவிட்டது. வந்து தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், இத கழட்டி வீசிட்டு ஜப்பான் காபரேட்டர் ஒண்டு பூட்டுங்க. எனக்கு இனி இந்தச் சின்னச் சாமான்லாம் கண்ணுக்குத் தெரியாது."

"நானா, நான் கழட்டிப் பார்க்கவா? நீங்க சொல்லித் தாங்க."

அவர் சிரித்தார். "சரித்திரம் படிப்பிக்கிற மனிசன். சரி, பாருங்க."

அப்படித்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காபரேட்டரைக் கழற்றினேன்.

காபரேட்டரின் வேலை பெற்றோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து கொடுப்பது. 1886இல் கார்ல் பென்ஸ் ஓட்டிய முதல் காரில் பெற்றோலின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைத்தான் என்ஜின் உறிஞ்சியது. 1893இல் வில்ஹெல்ம் மேபாக் ஒரு சிறு துவாரத்தின் வழியாகப் பெற்றோலைத் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தத் துவாரம்தான் ஜெட். அதிலும் ஒரு சிக்கல். என்ஜின் மெதுவாக ஓடும்போது கொஞ்சம் காற்றும், வேகமாக ஓடும்போது நிறையக் காற்றும் தேவை. துவாரமோ ஒரே அளவுதான். ஒன்றுக்குச் சரியானால் மற்றதற்குப் பிழைக்கும்.

இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டவர் இங்கிலாந்தின் ஜோர்ஜ் ஹேர்பர்ட் ஸ்கின்னர். அவர் எந்தக் குடும்பம் தெரியுமா? லண்டனில் சப்பாத்து வியாபாரம் செய்த குடும்பம். லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற பெயர்பெற்ற சப்பாத்துக் கடை அவர்களுடையது. காற்று வழியின் அகலமே தேவைக்கேற்ப மாறினால் என்ன என்று அவர் யோசித்தார். என்ஜின் அதிகமாக உறிஞ்சினால் வழி அகலும், குறைவாக உறிஞ்சினால் ஒடுங்கும். அதற்கு அவர் முதலில் பயன்படுத்தியது தோலால் செய்த துருத்தி! சப்பாத்துக் கடைக்காரரின் கைக்கு எட்டிய பொருள் அது. கொல்லன் பட்டறைத் துருத்தி போல விரிந்து சுருங்கும்.

தம்பி கார்லும் சேர்ந்துகொள்ள, 1910இல் எஸ்.யூ. கம்பனி உருவானது. எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். பிற்காலத்தில் தோல் துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்தது. 1926இல் கம்பனியை வில்லியம் மொரிஸ் வாங்கினார். ஒக்ஸ்போர்ட்டில் சைக்கிள் திருத்துவதில் தொடங்கி, கார் முதலாளியாகிய அதே மொரிஸ்தான். மைனருக்குள் எஸ்.யூ. வந்த பாதை இதுதான்.

இனி என் மேசைக்கு வருவோம். மேலே மணி போன்ற ஒரு மூடி. அதற்குள் பிஸ்டன், பிஸ்டனின் அடியில் கூரான ஊசி. ஊசி ஜெட்டுக்குள் இறங்கி நிற்கிறது. காற்று உறிஞ்சும் விசையால் பிஸ்டன் மேலே எழும்பும்போது ஊசியும் எழும்பும். ஊசி கீழ்நோக்கி ஒடுங்குவதால் ஜெட்டின் இடைவெளி பெரிதாகும், பெற்றோல் கூடும். காற்றும் பெற்றோலும் ஒன்றாகவே கூடிக் குறைகின்றன. இதை விளங்கிய நிமிடம் சின்னப் பிள்ளை மாதிரி மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். "இது பேர்னூலியின் தத்துவம் வாப்பா" என்றாள். புத்தகத்தில் படித்தது கையில் கிடைத்ததில் அவளுக்கும் சந்தோஷம்.

பக்கத்தில் இன்னொரு சிறு பாத்திரம். அதற்குள் பித்தளை மிதவை. பெற்றோல் மட்டம் உயர்ந்தால் மிதவை உயர்ந்து, கூம்பு வடிவ ஊசி வால்வை மூடும். மட்டம் இறங்கினால் திறக்கும். இதைப் பார்த்தபோது எனக்கு அல்-ஜஸரி ஞாபகம் வந்தார். 1206இல் தியார்பகீரில் அர்துகிய ஆட்சியாளர்களுக்காக அவர் எழுதிய இயந்திரங்கள் பற்றிய நூலில், நீர்க் கடிகாரத்தின் நீர்மட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பது இதே வேலைதான்: ஒரு மிதவை, அதன் தலையில் ஒரு கூம்பு வால்வு. தண்ணீர் ஒழுகாதிருக்க வால்வையும் அது அமரும் இடத்தையும் எமரிப் பொடி போட்டு ஒன்றோடொன்று எப்படித் தேய்ப்பது என்பதையும் எழுதியிருக்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "காபரேட்டரைக் கண்டுபிடித்தது முஸ்லிம்கள்" என்று நாளை யாராவது இதை வெட்டிப் போடக் கூடாது. அது வரலாறு அல்ல. மிதவை வால்வு அல்-ஜஸரிக்கு முன்பே பக்தாதின் பனூ மூஸா சகோதரர்களிடமும் இருந்தது, அவர்களுக்கு முன்பு கிரேக்கர்களிடமும் இருந்தது. ஸ்கின்னர் அல்-ஜஸரியை வாசித்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அல்-ஜஸரியிடம் எனக்குப் பிடித்தது வேறு. முன்னோரின் வேலையைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறார். தான் செய்த பொருளை அடுத்தவனும் செய்யும்படி ஒளிக்காமல் எழுதிவைக்கிறார். எமரிப் பொடியைக் கூட விடவில்லை.

அதே மிதவைப் பாத்திரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1940இல் பிரித்தானியாவின் ஸ்பிட்பயர், ஹரிகேன் விமானங்களில் இருந்த மெர்லின் என்ஜினுக்கும் எஸ்.யூ. காபரேட்டர்தான். விமானி மூக்கைச் சடாரெனக் கீழே திருப்பினால் பாத்திரத்துப் பெற்றோல் மேலே எழும்பும், என்ஜின் திணறும். ஜெர்மன் விமானங்களில் எரிபொருளை நேரடியாகப் பீச்சும் முறை இருந்ததால் அவை இலகுவாகத் தப்பின. திருத்தம் கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர். புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் மணிக்கு 100 மைலைத் தாண்டி மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோகத் துண்டைப் பெற்றோல் வழியில் வைத்து, 1941இல் விமானத் தளம் தளமாகப் போய்ப் பூட்டினார். முழுமையான தீர்வு இல்லை, ஆனால் எத்தனையோ விமானிகளின் உயிரைக் காத்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது ரத்மலானையிலிருந்தும் ரேஸ்கோர்ஸிலிருந்தும் எழுந்தவையும் மெர்லின் பூட்டிய ஹரிகேன்கள்தான்.

சரி, ஒழுகுவது எங்கே? மைனரில் சோக்கை இழுத்தால் ஜெட் குழாயே கீழே இறங்கும். நகரும் குழாயைச் சுற்றிப் பெற்றோல் கசியாமல் தடுப்பவை சின்னத் தக்கை வொஷர்கள். வாப்பாவின் காரில் அவை காய்ந்து நொறுங்கிப் போயிருந்தன. புதியவை கொழும்பில் கிடைத்தன. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பூட்டினேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். முன்பை விட அதிகமாக ஒழுகியது.

பாஸிடம் போனேன். "தக்கைய எண்ணெயில ஊறப்போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை. காய்ந்த தக்கையை அப்படியே திணித்திருக்கிறேன், ஒன்று கிழிந்தும் போயிருந்தது. "ராவைக்கு என்ஜின் ஒயில்ல போட்டு வைங்க. காலைல பூட்டுங்க. அவசரப்பட்டா சரிவராது."

இரண்டாம் தடவை பிஸ்டன் சிக்கிக்கொண்டது. அதற்கும் அவரிடம்தான் போனேன். ஜெட்டை நடுவில் நிறுத்தாமல் இறுக்கிவிட்டேனாம். தளர்த்தி, பிஸ்டனை அழுத்தி ஊசி தானாக நடுவுக்கு வந்த பிறகு இறுக்க வேண்டும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். "கண் தேவல்ல மாஸ்டர், காது போதும்" என்றார். பிறகு ஜெட்டை மேலே முட்டும்வரை உயர்த்தி, நட்டை இரண்டு முழுச் சுற்றுக் கீழே இறக்கினோம். ஓடும் என்ஜினில் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திப் பார்த்தோம். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. கொஞ்சம் கூடித் திரும்பினால் சரி. இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே சொன்னார்.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். 1960களில் வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் சிறு பையனாகக் கராஜில் சேர்ந்தாராம். சாமான் இல்லாவிட்டால் செய்தார்கள். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, அங்கே 1970களின் தொடக்கத்தில் நின்றுபோன மைனருக்கு, 1990களில் இலங்கையில் உடற்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் நிலை வந்தது அந்தக் கைப்பழக்கத்தால்தான். 2020இல் மறுபடியும் வாகன இறக்குமதி நின்றபோது, அந்தத் தலைமுறையைத் தேடினால் பாதிப் பேர் இல்லை.

மைனரை வடிவமைத்தது அலெக் இஸிகோனிஸ். துருக்கியின் ஸ்மிர்னாவில் பிறந்தவர். அவர் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. மைனரை எழுபது வருடமாக ஓடவைத்த எங்கள் பாஸ்மாரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. நானும் இருபது வருடமாக வகுப்பில் கண்டுபிடித்தவர்களைத்தான் மனனம் செய்யவைத்தேன். காப்பாற்றியவர்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

மகள் இப்போது பாஸ் சொல்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுகிறாள். முதல் பக்கத்தில், தக்கையை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். உங்கள் ஊரிலும் ஒரு பாஸ், ஒரு தையல்காரர், ஒரு தச்சர் இருப்பார். கேட்டு எழுதிவையுங்கள். பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடைசித் தடவை பூட்டிய அன்றிரவு, காருக்கடியில் ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரித்துவைத்தேன். பஜ்ர் தொழுதுவிட்டு டோர்ச்சோடு போய்ப் பார்த்தேன்.

தாள் காய்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வாப்பாவுக்காக ஒரு துஆ கேளுங்கள். பாஸ் நானாவின் கண்களுக்காகவும்.