இரண்டு அங்குலத் தண்ணீர்

டெல்லி துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டு பாத்ரூமை இடித்துக் கட்டினோம். அப்பா ஊரிலிருந்து வருகிறார், முழங்கால் மடங்காது. எனவே இந்தியன் டாய்லெட் போய் வெஸ்டர்ன் கமோட் வந்தது. கூடவே குளிக்க ஒரு கண்ணாடித் தடுப்பு, புது எக்ஸாஸ்ட் ஃபேன். பத்தாம் நாள் சாக்கடை நாற்றம். பிளம்பர் கமோடை இரண்டு முறை கழற்றி மாட்டி, சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசினார். நாற்றம் போகவில்லை. 'வஹம் ஹை சார்ஜி' (எல்லாம் பிரமையாம்!) என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் கமோடின் கழுத்து ஏன் வளைந்திருக்கிறது என்று படிக்க உட்கார்ந்தேன்.

1775-ல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு காப்புரிமை வாங்கினார். குழாயை வளைத்து, வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்தார். அவ்வளவுதான். வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே அந்தத் தண்ணீர்தான் கதவு. இன்றும் வழக்கமாக 50 மில்லிமீட்டர்தான் நிற்கிறது.

1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது, பார்லிமெண்ட் திரைச்சீலைகளையே சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றமே நோய் தரும் என்று நம்பிய காலம். பிறகு கிருமிகளைக் கண்டுபிடித்து அந்த நம்பிக்கையைத் தூக்கிப் போட்டோம்.

ஆனால் 2003-ல் ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் வந்தது. விசாரித்தவர்கள் பாத்ரூம் தரையைக் காட்டினார்கள். பலர் தரையைக் கழுவாமல் துடைத்தே வந்ததால் தரை வடிகால்களின் வளைவுகள் காய்ந்திருந்தன. எக்ஸாஸ்ட் ஃபேன் கழிவுக்குழாயின் காற்றை, கிருமியோடு, வீட்டுக்குள் இழுத்திருக்கிறது.

இதைப் படித்ததும் எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன். கமோடில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். காலையிலும் தண்ணீர் அங்கேயே நின்றது. ஆக, அந்தப் பக்கம் கதவு சாத்தித்தான் இருக்கிறது. அடுத்து தரையில் இருந்த பழைய நஹானி டிராப்பைத் திறந்து டார்ச் அடித்தால், எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது! முன்பு குளிக்கிற தண்ணீர் அதில் போகும். இப்போது தடுப்புக்குள் தனி வடிகால், இது அனாதை. ஃபேன் வேறு மேலிருந்து உறிஞ்சுகிறது.

ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் நாற்றம் நின்றது. பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு வாஷ்பேசின் தண்ணீர் அந்த டிராப் வழியாகப் போகும்படி குழாயை மாற்றினோம். தினமும் பல் தேய்க்கிறோமே, தானாக நிரம்பும் :-)

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பூட்டுமுன் தரை வடிகால்களில் ஒரு வாளி ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. டெல்லிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும், ரீஃபைண்ட் எண்ணெயே போதும்.