விற்கப்பட்ட கப்பல்: அன்னபூரணியும் வட இலங்கைக் கடலோடி மரபும்

முகவுரை

1938ஆம் ஆண்டு ஆகத்து மாதத் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை இரு பாய்மரங்களைக் கொண்ட மரக்கலம் ஒன்று வந்தடைந்தது. அது தாங்கியிருந்த பெயர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்'. ஆயினும் அதன் பிறப்பிடம் அமெரிக்காவன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில், தமிழ்க் கம்மியர்களின் கைகளால் உருப்பெற்று 'அன்னபூரணி' என்னும் பெயரோடு கடலிறங்கிய கப்பலே அது. அதனை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் கொண்டு சேர்த்தவர்களுள் தண்டையல் தம்பிப்பிள்ளை முதலான வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் இருந்தனர்.

தமிழரின் கடல் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சங்க இலக்கியத்திலே தொடங்கிச் சோழர் கடற்படையோடு நிறைவு செய்துவிடுகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கலங்களைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசும் மரபு, ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இச்செய்தியை ஒரு வியப்புக் கதையாக மட்டுமே கண்டு கடந்து செல்கின்றது. அன்னபூரணி அமெரிக்கா சென்றது என்பதில் மகிழும் நாட்டம், அது ஏன் விற்கப்பட்டது என்று வினவுவதில் எழுவதில்லை. ஒரு கப்பலின் விற்பனை அதனைக் கட்டிய சமூகத்தைப் பற்றி யாது கூறுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாங்கியவர்

கப்பலை வாங்கிய வில்லியம் அல்பேட் றொபின்சன் கடலறியாத செல்வந்தர் அல்லர். 1928ஆம் ஆண்டு தொடக்கம் 1931ஆம் ஆண்டு வரை, 'சுவாப்' என்னும் 32 அடி நீளப் பாய்மரப் படகிலே உலகை வலம் வந்தவர் அவர். அத்துணைச் சிறிய படகொன்று உலகைச் சுற்றியமை அக்காலத்தில் அரிய செயலாகக் கொள்ளப்பட்டது. பின்னர்த் தம் மனைவி புளோரன்சுடன் கலாபகோசுத் தீவுகளுக்குச் சென்றிருந்தபோது, 1934இல் குடல்வால் வெடித்து மரணத்தின் வாயில்வரை சென்றார். அமெரிக்கக் கடற்படையின் உதவி கிட்டியதனாலேயே உயிர் தப்பினார். அப்பயணத்தோடு சுவாப்பும் அவர் கையைவிட்டுப் போயிற்று.

இத்தகைய ஒருவர் மீண்டும் ஒரு கலத்தைத் தேடியபோது, அவர் கண் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட வணிகக் கப்பலொன்றின்மீது விழுந்தது கருதத்தக்கது. ஓடித் தேய்ந்த மரக்கப்பலை விலைக்குக் கொள்பவன் வெளிப்பூச்சைக் கண்டு மயங்குவதில்லை. ஏரா எனப்படும் அடிமரம் வளையாது நேராக நிற்கின்றதா, நீர்மட்டத்தை ஒட்டிய பலகைகள் உளுத்துள்ளனவா, கடற்புழு துளைத்த தடங்கள் உண்டா, ஆணி அறைந்த இடங்கள் துருவினால் தளர்ந்துள்ளனவா, பலகை இடுக்குகளிற் செய்யப்பட்ட கலப்பற்று வேலை நீரைத் தடுக்கின்றதா என்பனவற்றையே அவன் ஆராய்வான். இச்சோதனையில் தவறுபவன் இழப்பது பணத்தை மட்டுமன்று; நடுக்கடலில் உயிரையும் இழக்க நேரும். எனவே, உலகை வலம்வந்த மாலுமி ஒருவர் அன்னபூரணியை விலை கொடுத்து வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டமை, வடபுலக் கப்பற் கம்மியரின் திறமைக்குக் கிடைத்த நடுநிலையான சான்று எனலாம். தன்னினத்தார் தன்னைப் புகழும் நூறு வாக்கியங்களைக் காட்டிலும், விலை கொடுத்து வாங்கும் அந்நியன் ஒருவனின் தீர்ப்பு வரலாற்றாசிரியனுக்குப் பயன்மிக்கது.

கட்டியவர்கள்

அன்னபூரணி 1930ஆம் ஆண்டளவில் சுந்தர மேத்திரியாரின் தலைமையிற் கட்டப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 89 அடி. அதன் உடலுக்குப் பெரிதும் பயன்பட்டது வேப்பமரமே என்பர். வேம்பின் கசப்பு கடற்புழுவை அண்டவிடாது என்னும் நம்பிக்கை கரையோர மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவந்ததாகும்.

வடகரைத் தோணிகள் கட்டப்பட்ட முறை சிறப்பாக நோக்கத்தக்கது. அவற்றுக்கெனப் பெரிய தொழிற்சாலையோ இயந்திரக் கருவிகளோ இருக்கவில்லை. கடற்கரை மணலே கட்டுமிடம். மேத்திரியாரின் நினைவே வரைபடம். தந்தையிடமிருந்து மகனும், மாமனிடமிருந்து மருமகனும் கற்ற அளவு விகிதங்களே கணிதநூலாக அமைந்தன. அதேவேளை இம்மரபு தேங்கிநின்ற மரபுமன்று. இலங்கையின் கடற்கலங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்னெல் போன்றோர், யாழ்ப்பாணத் தோணிகளில் ஐரோப்பியக் கப்பல்களின் செல்வாக்குப் படிந்திருப்பதைக் கண்டனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரின் கலங்களைக் கண்ணாற் கண்ட கம்மியர், தமக்கு ஏற்றவற்றை எடுத்துக்கொண்டனர் என்பதே இதன் பொருள். ஆகவே அன்னபூரணியைச் சோழர் காலக் கப்பலின் மாறாத வாரிசு எனக் கூறுவது பொருந்தாது. பிறரிடமிருந்து கற்கத் தயங்காத ஓர் உயிருள்ள தொழில்மரபின் விளைவு அது. அம்மரபின் பெருமையும் அதுவேயாகும்.

வன்னிக் காடும் வடகடலும்

கப்பலின் வரலாறு கரையோடு முடிவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலம் பனைக்கும் புகையிலைக்கும் பேர்பெற்றது. பெருமரக் காடுகள் அங்கில்லை. பனை வீட்டுக்கூரைக்கு உதவுமேயன்றிப் பெருங்கப்பலின் உடலுக்கு உதவாது. ஆகையால் வடபுலத்தின் மரத்தேவையை வெளியிடங்களே நிறைவு செய்தன. பர்மாவின் தேக்கு கடல் கடந்து வந்தது. ஆனையிறவுக்குத் தெற்கே விரிந்துகிடந்த வன்னிப் பெருநிலமோ பாலை, முதிரை, கருங்காலி முதலான வன்மரங்களின் களஞ்சியமாக விளங்கியது.

வன்னியைக் காடும் குளமும் மட்டுமே கொண்ட உள்நாடாகக் கருதும் வழக்கம் பரவலாக உண்டு. அது முழுமையான பார்வையன்று. கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் ஆகிய களப்புகளைத் தன்னகத்தே கொண்ட முல்லைத்தீவுக் கரை, பருத்தித்துறைக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கடற்பாதையில் அமைந்துள்ளது. ஒல்லாந்தர் அங்குக் கோட்டை அமைத்தமைக்கும், 1803இல் பண்டார வன்னியன் அதனைத் தாக்கி ஆங்கிலேயரை வெளியேற்றியமைக்கும் அவ்விடத்தின் முதன்மையே காரணமாகும். ஆயினும் முல்லைத்தீவு இயற்கைத் துறைமுகமன்று. திறந்த கடலை நோக்கிய அக்கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் கலங்கள் நங்கூரமிட்டு நிற்பது இடரானது. சோளகம் வீசும் மாதங்களிலே வாணிகமும், வாடையின் மாதங்களிலே ஓய்வும் பழுதுபார்த்தலுமாகக் கடலோடியின் ஆண்டு காற்றினாலே வகுக்கப்பட்டிருந்தது.

விற்பனையின் பின்னணி

இனி, ஓடிக்கொண்டிருந்த கப்பலொன்று விலைபோன சூழலை நோக்குதல் வேண்டும். வல்வெட்டித்துறைக் கப்பல்கள் நாகபட்டினம் முதலான தமிழகத் துறைகளுக்கும் இரங்கூன், அக்கியாப் போன்ற பர்மியத் துறைகளுக்கும் சென்றுவந்தன. அரிசியும் தேக்கும் துணியும் ஓடும் வந்திறங்கின. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்றது. இவ்வாணிகத்தின் அடித்தளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாக அசைக்கப்பட்டது.

1905இல் வடபகுதி இருப்புப்பாதை காங்கேசன்துறை வரை நிறைவுற்றது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகியவற்றை ஊடறுத்துச் சென்ற அப்பாதை, வன்னியை யாழ்ப்பாணத்தோடும் கொழும்போடும் தரைவழியாகப் பிணைத்தது. முன்பு கரைக்கு இறக்கிக் கலமேற்ற வேண்டியிருந்த பொருள், இப்போது காட்டோரத்திலேயே புகைவண்டியில் ஏற்றப்படலாயிற்று. இருப்புப்பாதை எட்டாத முல்லைத்தீவு, தன் கடல்வழி முதன்மையை இழந்து, மாங்குளச் சந்தியை நோக்கிய ஒரு பாதையின் கடைக்கோடியாகச் சுருங்கியது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியபோது, இந்தியாவோடு நிகழ்ந்த போக்குவரத்திலும் பாய்மரத்தின் பங்கு குறைந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் சரக்கின் விலையைத் தாழ்த்தியது. சரக்கின் விலை தாழ்ந்தால் கூலியும் தாழும். கூலி தாழ்ந்தால் கப்பலைப் பேணும் செலவே சுமையாகும்.

அன்னபூரணி வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்ட 1937ஆம் ஆண்டிலேயே பர்மா இந்தியாவிலிருந்து நிருவாக முறையிற் பிரிக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கழிந்து, 1942இல் யப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. பர்மியக் கடல் வணிகம் அடைபட்டது. காலத்தை முன்னிறுத்தி நோக்கின், கப்பல் விற்கப்பட்ட தறுவாய், அதனைப் போன்ற கலங்களுக்கு உரிய உலகம் மறையத் தொடங்கிய தறுவாயாகவே காணப்படுகின்றது.

பயணமும் அதன் பின்னும்

செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து அன்னபூரணி குளொஸ்ரரை அடைந்தது. வங்காள விரிகுடாவின் பருவக்காற்றுக்கெனக் கட்டப்பட்ட கலம், முற்றிலும் வேறுபட்ட காற்றும் குளிரும் உள்ள கடலையும் தாங்கிற்று. நட்சத்திரத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்துத் திசையறிந்த தலைமுறையைச் சேர்ந்த ஐவர், தம் ஊரார் எவரும் முன்னர் ஓடியறியாத கடலிலே பாய் விரித்தனர். கப்பல் அங்கே தங்கியது. கடலோடிகள் ஊருக்குத் திரும்ப வேண்டியவர்களாயினர். வாங்கியவரின் வாழ்க்கை விரிவாக எழுதப்பட்டது; அவரே நூல்கள் எழுதினார். செலுத்திவந்தோரின் அனுபவமோ ஊர்ப் பேச்சாகவே எஞ்சிற்று.

றொபின்சன் தம் நாட்டில் இப்ஸ்விச் என்னுமிடத்தில் கப்பல் கட்டும் தளமொன்றை நிறுவினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைக்கான கலங்கள் அங்குக் கட்டப்பட்டன. 1942இல் 'வருவா' என்னும் 70 அடிப் பாய்மரக் கப்பலை அங்கேயே தமக்கெனக் கட்டி, போர் முடிந்த ஆண்டில் தாகித்தியை நோக்கிச் சென்றார். பின்னாளில் அவர்தம் குடும்பப் பயணங்களுக்கும் அக்கப்பலே வீடாயிற்று. அங்கே மரக்கல மரபு, மூலதனமும் வரைபடமும் நூலும் துணைநிற்க, பொழுதுபோக்காகவும் கலையாகவும் புதுவாழ்வு பெற்றது. இங்கேயோ அது பிழைப்பாக மட்டுமே இருந்தது. ஆதலால் பிழைப்பு மாறியபோது மரபும் மறைந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் திறமைக் குறைவன்று. திறமையைப் பதிவு செய்து காக்கும் நிறுவனங்கள் இல்லாமையே காரணமாகும்.

முடிவுரை

பின்வந்த காலம் வடபுலக் கடலுக்குக் கொடியதாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் கரையோர மக்கள் கடலுக்குச் செல்வதே கட்டுப்படுத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சிதைத்தது. 2009இல் அக்கரையிலேயே போரின் இறுதிக்கட்டம் நிகழ்ந்தது. வள்ளமும் வலையும் இழந்து மீண்டும் குடியேறிய குடும்பங்களுக்கு, பிறர் கைப்பட்ட பழைய வள்ளமொன்றை வாங்குவதுகூட வாழ்வை மறுபடி தொடங்கும் செயலாயிற்று. ஏராவைத் தடவிப் பார்த்தும், பலகையைத் தட்டி ஓசை கேட்டும் கலத்தின் நலமறிந்த தலைமுறைக்கு மாறாக, இன்று கண்ணாடியிழை வள்ளத்தின் வெடிப்பை விரலால் நாடும் தலைமுறை அக்கரையில் நிற்கின்றது. பொருள் மாறினும் பார்வை மாறவில்லை.

அன்னபூரணியின் கதை அமெரிக்கரை வியக்கவைத்த கதையாக மட்டும் நின்றுவிடலாகாது. காட்டில் மரம் வீழ்த்தியவன், பலகை அறுத்தவன், இடுக்கடைத்தவன், பாய் தைத்தவன், சுக்கான் பிடித்தவன் ஆகிய அனைவரின் உழைப்பும் அதில் அடங்கியுள்ளது. விற்கப்பட்ட கப்பலை மீட்க இயலாது. ஆனால் அதனைக் கட்டிய அறிவின் எச்சங்கள் இன்னும் முதியோர் நாவிலும், தொழிற்சொற்களிலும், கரையோர ஊர்களின் குடும்பப் பெட்டகங்களிலும் உள்ளன. அவற்றைத் தேடித் தொகுக்கும் பணி பல்கலைக்கழகங்களுக்கு உரியது. அம்முதியோர் மறைந்தபின் அப்பணியைத் தொடங்குவது, பாய்மரம் முறிந்தபின் காற்றைக் கணிப்பதை ஒக்கும்.