வாத்தின் குரலும் எதிரொலியும்: ஒரு நம்பிக்கையின் ஒலியியல்

வாத்தின் குரல் எதிரொலிக்காது, ஏனென்று யாருக்கும் தெரியாது என்றொரு செய்தி ஆங்கிலத் துணுக்குத் தொகுப்புகளில் நெடுநாள் உலவியது. இயற்பியல் படித்தவர்கள் இதை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்: சுவரில் மோதும் எந்த ஒலியும் திரும்பும், வாத்துக்கு மட்டும் என்ன விலக்கு? தர்க்கம் சரிதான். ஆனால், தனக்கு எதிரொலி கேட்கவில்லை என்று குளக்கரையில் நின்றவர் சொன்னதற்கு அதில் பதில் இல்லை. நம்பிக்கை பிழை, அதைப் பிறப்பித்த அனுபவம் பிழையன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2003-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஒலியியலாளர் டிரெவர் காக்ஸ், டெய்சி என்ற வாத்தை இருவகை அறைகளில் வைத்து அதன் குரலைப் பதிவுசெய்தார். ஒன்று, ஒலியைச் சுவர்கள் விழுங்கிவிடும் எதிரொலியற்ற அறை. மற்றது, சுவர்கள் ஒலியைத் திரும்பத் திரும்ப வீசும் எதிர்முழக்க அறை. பின்னதில் குரல் நீண்டு முழங்கியது. விவகாரம் தீர்ந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் தீர்ந்தது பாதிதான். எதிர்முழக்கம் என்பது எண்ணற்ற பிரதிபலிப்புகள் ஒன்றோடொன்று கலந்த நீட்சி. எதிரொலி என்று மக்கள் சொல்வது, மூல ஒலி அடங்கியபின் தனித்துக் கேட்கும் மறுகுரலை. முன்னது இருப்பதைக் காட்டிவிட்டால் பின்னது கேட்கும் என்றாகிவிடாது. காக்ஸ் இதை உணர்ந்தே இருந்தார்: வாத்தின் குரல் மெல்லியது, அது மெல்லத் தேய்ந்து முடிவதால் எதிரொலியைப் பிரித்தறிவது கடினம், வாத்துகள் பெருஞ்சுவர்களின் அருகே வாழ்வதுமில்லை என்று அவரே விளக்கினார். செய்தியில் அடிபட்டது என்னவோ டெய்சியின் பெயர்தான்.

இம்மூன்று காரணங்களுக்கும் ஒரே எடை இல்லை. மென்மையை முதலில் பார்ப்போம். 17 மீட்டர் தொலைவில் ஒரு சுவர் இருந்தால் ஒலி 34 மீட்டர் பயணம் செய்து, சுமார் 0.1 விநாடியில் திரும்பும். வாத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, சுவர் முழுமையாகப் பிரதிபலித்தாலும், திரும்பிவரும் ஒலியின் செறிவு நேரடி ஒலியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 30 டெசிபல் குறைவு. ஆனால் கைதட்டலுக்கும் இதே கணக்குத்தான், அதன் எதிரொலியோ தெளிவாகக் கேட்கிறது. எனவே மென்மை மட்டும் போதிய காரணமாகாது. வாழிடமும் துணைக்காரணமே. நீர்ப்பரப்பு ஒலியை நன்றாகவே பிரதிபலிக்கிறது. ஆனால் வாத்து அதன்மேலேயே மிதப்பதால் அந்தப் பிரதிபலிப்பு மூலக்குரலோடு ஒட்டியே வந்து, காதில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

முதன்மைக் காரணம் குரலின் வடிவம் என்பேன். கைதட்டல் சட்டென்று முடிகிறது. பின்வரும் அமைதியில் எதிரொலி வந்து விழுகிறது. வாத்தின் குரலுக்கு வால் உண்டு. மெலிந்த எதிரொலி அந்த வாலுக்குள் மறைந்துபோகிறது. பெட்டை மல்லார்டு வாத்து ஓங்கித் தொடங்கி, படிப்படியாகத் தணியும் தொடராகவும் கத்துவதுண்டு. அப்போது முதல் கத்தலின் எதிரொலி அடுத்த கத்தலுக்கு அடியில் அமுங்கிவிடும். அதே 2003-இல் 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரும் வாத்தின் குரல் எதிரொலிக்குமா என்று சோதித்தது. மூலக்குரலும் எதிரொலியும் ஒத்த அமைப்புடையவை என்பதால் ஒன்று மற்றொன்றுள் கரைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இது போதாது. எந்த எதிரொலிதான் தன் மூலத்தை ஒத்திராது? ஒப்புமையோடு காலமும் சேர்ந்து பொருந்தினால்தான் மறைப்பு நிகழும்.

வௌவால்கள் இதற்கு எதிர்ப்புறச் சான்று. அவை எதிரொலியால் வழியறிவதை 1930-களின் இறுதியில் ஹார்வர்டில் டொனால்டு கிரிஃபினும் ராபர்ட் கேலம்போஸும் ஆராயத் தொடங்கினர். இரையை நெருங்க நெருங்கப் பெரும்பாலான பூச்சியுண்ணும் வௌவால்கள் தம் ஒலித்துடிப்புகளைச் சுருக்கிக்கொண்டே போகின்றன. கடைசியில் ஒரு துடிப்பு ஓரிரு மில்லிவிநாடிதான். குரல் முடியுமுன் எதிரொலி வந்து சேர்ந்தால் அதைப் பிரித்தறிவது அவற்றுக்கும் இடர். குதிரைலாட வௌவால் இதற்கு விலக்குப்போலத் தோன்றும்: அதன் நீண்ட கூவலின் மீதே எதிரொலி வந்து படிகிறது. ஆனால் பறக்கும் வௌவாலுக்கு டாப்ளர் விளைவால் எதிரொலியின் அதிர்வெண் மாறியிருப்பதால் அது இரண்டையும் பிரித்துக்கொள்கிறது. கரையில் நிற்கும் மனிதக் காதுக்கு அந்த வசதி கிடையாது. மிதக்கும் வாத்தும் அசையாச் சுவரும் அதிர்வெண்ணை மாற்றுவதில்லை.

இந்த வாதத்தைச் சோதிக்க உயிருள்ள வாத்துகூடத் தேவையில்லை. எதிரொலியற்ற அறையில் பதிவான ஒரு குரலை எடுத்து, அதன் வாலை மட்டும் வெட்டி, முழுக்குரலையும் வெட்டிய குரலையும் ஒரே சுவரின் முன், ஒரே உரப்பில் ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்யலாம். வெட்டிய குரலின் எதிரொலி மட்டும் தெளிவாகக் கேட்டால் காரணம் வடிவமே. இரண்டின் எதிரொலியுமே கேட்காமல் போனால், மென்மைக்கு நான் குறைந்த எடை கொடுத்தது பிழையென்றாகும்.