மாசி வீதியில் சித்திரைத் தேர்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சுற்றிச் சதுரச் சதுரமாக விரிந்திருக்கிறது. மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, எல்லாவற்றுக்கும் அப்பால் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். மாதங்களின் பெயர் வீதிகளுக்கு வந்தது திருவிழாக்களால்தான். எந்த மாதத்தில் எந்த வீதியில் சாமி புறப்பாடோ, அதுவே வீதியின் பெயர். பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைக் கொண்டாடும் ஆவணி மூலத் திருவிழாவின் வீதி இன்றும் அப்பெயரிலேயே இருக்கிறது. அதன் தெற்குப் பக்கம் நகைக்கடைகளால் நிறைந்தது.

ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில். தேர் நிலைகொள்ளும் தேர்முட்டியும் கீழமாசி வீதியில்தான் இருக்கிறது. காரணம் திருமலை நாயக்கர் (1623–1659). மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் அவர் சித்திரைக்குக் கொண்டுவந்தார். தேனூர் வைகையில் இறங்கிவந்த அழகர்மலை அழகரையும் மதுரைக்கு அழைத்து, இரண்டு விழாக்களையும் ஒன்றாக்கினார். மலையடிவாரத்துச் சனமும் நகரத்துச் சனமும் ஒரே ஆற்றங்கரையில் கூடும் இன்றைய திருவிழா அப்படித்தான் பிறந்தது. மாதம் மாறியது, தேருக்குப் பழகிய வீதியும் அதன் பெயரும் மாறவில்லை. மதுரையின் வரலாற்றைச் சொல்ல இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

வெளி வீதியின் கதை வேறு. விசுவநாத நாயக்கர் காலத்தில் பாண்டியரின் பழைய கோட்டையை அகற்றிப் பெரிய கோட்டை எழுப்பினார்கள். இரட்டை மதில், சுற்றி அகழி, பாளையத்துக்கு ஒன்றாக 72 பாளையங்களுக்கும் 72 கொத்தளங்கள். சுமார் மூன்று நூற்றாண்டுகள் நகரம் அதற்குள் அடங்கியிருந்தது. நெரிசல் மிகுந்து அகழி நோய்க்கு இடமான நிலையில், கலெக்டர் பிளாக்பர்ன் 1837 முதல் கோட்டையை இடிக்க ஏற்பாடு செய்தார். அவர் கண்ட வழி எளிமையானது: மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்திலேயே மனை. இப்படி மக்கள் கையாலேயே மதில் மறைந்து, அதன் இடத்தில் வெளி வீதி உள்ளிட்ட வீதிகள் தோன்றின. நில அளவை செய்த மாரட்டும் வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியும் தெற்கு மாரட் வீதி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி ஆகிய பெயர்களில் நிலைத்தார்கள். கடவுளின் புறப்பாட்டால் பெயர்பெற்ற வீதிகளுக்கு அடுத்து ஒரு மேஸ்திரியின் பெயர் நிற்பது இந்நகரின் தனிச்சிறப்பு.

பிளாக்பர்னுக்கு நன்றியாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண், கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. இன்று அதைச் சுற்றி நாளெல்லாம் ஜவுளிக்கடைக் கூட்டம். இடிபட்ட கோட்டையில் மிச்சமான ஒரு துண்டை, மேலவெளி வீதிக்கு அருகே, பெரியார் பேருந்து நிலையப் பக்கம் காணலாம்.