மீளப் பணியமர்த்தலும் மறுநியமனமும்

பணியிலிருந்து நீங்கிய ஒருவரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வதைக் குறிக்க மறுநியமனம் செய்தல், மறுவேலை அளித்தல், மீளப் பணியமர்த்துதல், மீண்டும் பணியில் சேர்த்தல் எனப் பல தொடர்கள் தமிழில் வழங்குகின்றன. அகராதி நோக்கில் இவை ஒருபொருட் கிளவிகளாகத் தோன்றினும், இந்தியத் தொழிற்சட்ட வரலாறு இவற்றை இருவகைப்படுத்தியுள்ளது.

ஆங்கிலச் சட்டவழக்கில் ‘ரீஇன்ஸ்டேட்மென்ட்’ என்பது நீக்கத்தை விலக்கிப் பழைய இடத்திலேயே இருத்துவது. ‘ரீஎம்ப்ளாய்மென்ட்’ என்பது புதிதாக வேலை அளிப்பது. முதலாளி உடன்படாத நிலையிலும் நீக்கப்பட்ட தொழிலாளரைப் பழைய பணியில் இருத்தத் தீர்ப்பாயம் ஆணையிடலாமா என்ற வினா 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தை ஒட்டி எழுந்தது. இடலாம் என 1949இல் கூட்டாட்சி நீதிமன்றம், மேற்கிந்திய மோட்டார் வாகனச் சங்க வழக்கில் விடையிறுத்தது. 1971இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு இவ்வதிகாரத்தை மேலும் விரிவாக்கியது. 1953இல் சேர்க்கப்பட்ட 25-எச் பிரிவோ வேறு வகையினதாக இருந்தது. ஆட்குறைப்புக்கு ஆளானோர்க்கு, நிறுவனம் பின்னர் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை தருவதே அதன் நோக்கமாக இருந்தது; விட்டுப்போன பணிக்காலத்தை அது இணைத்துத் தரவில்லை.

இவ்வேறுபாட்டிற்கான வித்து தமிழ்ச் சொற்களிலேயே உள்ளது. மறுகரை, மறுநாள், மறுபிறவி என்பனவற்றில் ‘மறு’ பிறிதொன்றைச் சுட்டும். ‘மீள்’ என்பதோ புறப்பட்ட இடத்திற்கே திரும்புதலைக் குறிக்கும். ஓய்வுபெறும் ஆசிரியரைக் கல்வியாண்டின் இறுதிவரை பணியில் வைத்துக்கொள்வதைத் தமிழக அலுவலக வழக்கு மறுநியமனம் என்பது இதனாற் பொருந்துகிறது. எனினும் மறுபதிப்பு, மீள்பதிப்பு என்பன வேறுபாடின்றி வழங்குதலின், முன்னொட்டை மட்டும் நம்பிப் பொருள் துணிதல் இயலாது.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் தந்தோரிற் பெரும்பாலோர், உச்ச நீதிமன்ற நடவடிக்கைகளை அடுத்து, மீளப் பணியமர்த்தப்பட்டனர். இந்நிகழ்வை மறுநியமனம் எனப் பெயர்த்தால், இருபதாண்டு பணியாற்றிய ஒருவர் அன்றுதான் முதன்முதலாகச் சேர்ந்தவர் எனப் பொருள்படும். பணிமூப்பு, ஊதிய உயர்வு, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் பணிக்காலத் தொடர்ச்சியைச் சார்ந்தவை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

எனவே, மூலத்தில் நீக்கம் செல்லாதாக்கப்படுகிறதா, நீக்கம் நிலைத்திருக்கப் புதிய வேலை தரப்படுகிறதா என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் தெளிதல் வேண்டும். முன்னதற்கு மீளப் பணியமர்த்தல் என்பதும் பின்னதற்கு மறுநியமனம் அல்லது மறுவேலை என்பதும் ஏற்றவை. மீண்டும் பணியில் சேர்த்தல் என்னும் தொடர் இரண்டிற்கும் பொதுவாதலின், செய்தி நடைக்கு அமையும். ஆணைக்கும் தீர்ப்புக்கும் அமையாது.